கொக்கின் தலையில் வெண்ணெய்

சப்டைட்டில் போடுவதில் மொழிபெயர்ப்புதான் கஷ்டம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதற்கு அகராதி இருக்கிறது. உண்மையில் கஷ்டம் இருமல்தான். கதவுக்கு வெளியே நின்று ஒருவர் இருமுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காது கேட்கிறவர்களுக்கு, யாரோ வந்திருக்கிறார், கூப்பிடத் தயங்கி நிற்கிறார் என்பது உடனே புரிந்துவிடும். காது கேளாதவளுக்கு அதைத் திரையின் அடியில் எப்படி எழுதுவது? ‘இருமல்’ என்று எழுதினால் ஆளுக்குச் சளி பிடித்த மாதிரி ஆகிவிடும். நான் ‘வாசலில் யாரோ செருமுகிறார்’ என்று எழுதுவேன். என் தங்கை அதைப் படித்துவிட்டு, திரையில் கதவு திறப்பதற்கு முன்பே கதவைப் பார்ப்பாள். அதைப் பார்ப்பதற்காகவே நான் எத்தனையோ விடுமுறை நாட்களைக் கணினிக்கு முன்னால் கழித்திருக்கிறேன்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். ஆரம்பம் அதுதான் மேடம்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். காது மிஷின் பொருத்துகிறவன். பஞ்சு ஒட்டிய சிறிய அறையில் ஆளை உட்காரவைத்து, எந்தச் சத்தம் கேட்கிறது, எது கேட்கவில்லை என்று சோதிப்பேன். பிறகு காதுக்குள் களிம்பு மாதிரி ஒன்றைச் செலுத்தி அச்சு எடுப்பேன். இறுகும்வரை ஆடாமல் இருக்கவேண்டும். குழந்தைகள் அழும். நான் அவர்களுக்கு முகத்தைக் கோணிக் காட்டுவேன். மிஷினை மாட்டி முதல் முறை ‘ஆன்’ செய்யும்போது சில குழந்தைகள் சிரிக்கும், சில பயந்து அம்மாவின் மடியில் முகத்தைப் புதைக்கும். அந்த வேலையில் என்னைப் பற்றி ஒரு புகாரும் வந்ததில்லை. கேட்டுப் பாருங்கள்.

பாப்பாவுக்கு மிஷின் உதவாது. அவளுக்கு இருபத்தைந்து வயது ஆகிவிட்டது, ஆனாலும் எனக்குப் பாப்பாதான். கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டது. அப்பா அதற்குமுன்பே போய்விட்டார். அம்மா வேலைக்குப் போனதால் அவளைப் பேசவைக்கிற பொறுப்பு என்மேல் விழுந்தது. அவள் கையை எடுத்து என் தொண்டையில் வைத்துக்கொள்வேன். என் உதட்டைப் பார்க்கவைத்துப் பேசுவேன். பிறகு அதே கையை அவள் தொண்டையில் வைப்பேன். அதே அதிர்வு வரும்வரை விடமாட்டேன். சாப்பாட்டுத் தட்டு முன்னால் இருக்கும், சொன்னால்தான் சாப்பாடு. அழுவாள். ஆனால் சொல்லிவிடுவாள். பள்ளியில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியை ஆச்சரியப்பட்டு, “யார் சொல்லிக்குடுத்தது?” என்று கேட்டார். அம்மா என்னைக் கைகாட்டினார்.

அவள் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாமல் நீங்கள் இந்த வழக்கைப் புரிந்துகொள்ள முடியாது. எழுத்துக்கள் நீளும். மெல்லினம் எல்லாம் மூக்கின் மேலே ஏறிவிடும். கோபத்தில் பேசுகிறாளா சந்தோஷத்தில் பேசுகிறாளா என்று புதியவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவளுக்காக மருத்துவரிடம், வங்கியில், அடுப்பு ரிப்பேர்காரனிடம் போனில் பேசியது எல்லாம் நான்தான். அம்மா போன பிறகும் அப்படித்தான் நடந்தது. அவள் எனக்கு மெசேஜ் அனுப்புவாள், நான் போன் போடுவேன்.

‘உப்புக் கோபுரம்’ என்கிற அனிமேவை, அந்த ஜப்பானிய கார்ட்டூன் தொடரை, நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கடலோரத்தில் ஒரு கோட்டை நகரம். எதிரி முற்றுகை போட்டிருக்கிறான். பின்வாங்கச் சொல்லிக் கோபுரத்திலிருந்து கொம்பு ஊதுகிறார்கள். எல்லாப் படையும் திரும்புகிறது, ஒரு தளபதி மட்டும் திரும்பவில்லை. அவனை நம்பிப் போன இளைஞர்கள் எல்லோரும் செத்துப்போகிறார்கள். முதல் பாகம் அதோடு முடிந்தது. தளபதி எதிரியிடம் விலைபோனவனா, இல்லையா? மங்காவிலும், அதாவது அதன் மூலப் படக்கதையிலும், அதற்கு விடை வரவில்லை. ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். துரோகிக் கட்சி, அப்பாவிக் கட்சி. எங்கள் ரசிகர் குழுவில் ஒருவர் தன் சொந்த மச்சானையே நீக்கிவிட்டார். நிச்சயதார்த்தம் வரை போன ஒரு ஜோடி இதைப் பேசிப் பேசியே பிரிந்தது. சிரிக்காதீர்கள். மனிதர்கள் இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் சண்டை போடுகிறார்கள்.

பாப்பா எந்தக் கட்சியிலும் இல்லை. அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். தளபதி யாரோடு பேசினாலும் தலையை லேசாக இடப்பக்கம் திருப்பி, வலது காதைக் கொடுக்கிறான். உணவு மேசையில் எப்போதும் இடது ஓரத்து நாற்காலி. குதிரையில் போகும்போது உதவியாளன் எப்போதும் வலப்பக்கம். “அவனுக்கு இடது காது கேக்காது” என்றாள். “கொம்பு இடப்பக்கம் இருந்து வந்துச்சு. சண்டைச் சத்தத்துல அவனுக்குக் கேக்கல. வெளியில சொன்னா பதவி போயிடும்னு மறைச்சு வச்சிருக்கான்.”

அவ்வளவு பேர் பார்த்த படம். காது கேளாதவள் ஒருத்தி மட்டும் பார்த்திருக்கிறாள்.

வீடியோ போடச் சொன்னேன். “கையால பேசட்டுமா?” என்று கேட்டாள். அவள் பள்ளியில் சைகை மொழியும் கற்றிருந்தாள். “வாயால பேசு. நல்லாத்தானே பேசற” என்றேன். ஜன்னலுக்கு எதிரே அவளை உட்காரவைத்து நானே எடுத்தேன். சில இடங்களில் தெளிவாக இல்லை என்று மறுபடி பேசவைத்தேன். சப்டைட்டில் போட்டு நானே ஏற்றினேன்.

கொக்கு அதை எடுத்துக்கொண்டான்.

அவனுடைய நிஜப் பெயர் உங்கள் தாள்களில் இருக்கிறது. எல்லோருக்கும் அவன் கொக்குதான், கழுத்து அப்படி. ‘கொக்கு பார்க்குது’ என்று சேனல். புது எபிசோடு வந்ததும் அதைப் பார்த்தபடியே கத்துவான், அழுவான், சோபாவிலிருந்து விழுவான். அவன் விழுவதைப் பார்க்க லட்சக்கணக்கான பேர். துரோகிக் கட்சியின் தலைவன் மாதிரி. பாப்பாவின் வீடியோவைத் திரையின் ஒரு பக்கம் ஓடவிட்டு, நிறுத்தி, ‘தளபதிக்கு ஒரு காது கேக்காது’ என்ற வாக்கியத்தை அவள் குரலில் சொல்லிக் காட்டினான். மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னான். பிறகு தலையைச் சாய்த்து, “என்ன, என்ன, சத்தமா சொல்லுங்க” என்று தன் காதில் கையை வைத்தான். அவளுக்குக் காது கேட்காது என்பது அவனுக்குத் தெரியாதாம். பிறகு அப்படித்தான் சொன்னான். இருக்கலாம்.

அந்தத் துண்டு தனியாகக் கழன்று ஊரெல்லாம் திரிந்தது. யாருக்காவது எதுவாவது புரியவில்லை என்றால் அதைப் போட்டுவிடுவார்கள். அனிமே என்றால் என்னவென்றே தெரியாதவர்களும் போட்டார்கள். ஒருநாள் என் மருத்துவமனை வரவேற்பறையிலேயே அது கேட்டது. நான் உள்ளே ஒரு சின்னப் பெண்ணுக்கு அச்சு எடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே அவளுடைய அப்பா போனில் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். தன் மகளுக்கும் அதே குரல்தான் வரப்போகிறது என்பது அவருக்கு உறைக்கவில்லை.

அச்சு சரியாக வரவில்லை என்று சொல்லி அவரை மறுபடி வரவைத்தேன். பிறகும் சரியாக வரவில்லை என்றேன். பிறகு மிஷின் வரத் தாமதமாகிறது என்றேன். மிஷின் என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. மழைக்காலம் முழுக்க அலைந்தார். கடைசியில் கொடுத்துவிட்டேன். அந்தக் குழந்தைக்கு நான் எந்தக் கெடுதலும் செய்யவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ளவேண்டும். கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.

பாப்பா அழவில்லை. வாயை மூடிக்கொண்டாள். வீட்டில்கூடப் பேசவில்லை. எல்லாம் கையால். நான் தெரியாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டால் வந்து தோளைத் தட்டி மறுபடி கையால் சொல்வாள். சாப்பாட்டுத் தட்டை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, “வாயால கேளு” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். எழுந்துபோய் வேறு தட்டு எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

அதன்பிறகு அவள் காது கேளாத ரசிகர்களின் குழு ஒன்றில் சேர்ந்தாள். அப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. சைகையிலேயே விமரிசனம், சைகையிலேயே சண்டை. வாள்வீச்சுக் காட்சியை இரண்டு கையால் அவள் சொல்கிற வீடியோவை நீங்கள் பார்க்கவேண்டும்; திரையில் வந்ததைவிட நன்றாக இருக்கும். பார்வையாளர்கள் பெருகினார்கள். தோழிகள் வீட்டுக்கு வந்தார்கள். கூடம் நிறைய ஆட்கள் இருப்பார்கள், ஒரு சத்தமும் இருக்காது, திடீரென்று எல்லோரும் தோள் குலுங்கச் சிரிப்பார்கள். நான் டீ கொண்டுபோய் வைத்துவிட்டு வருவேன்.

“உன் வீடியோவுக்கு நான் சப்டைட்டில் போடறேன் பாப்பா” என்றேன்.

“வேணாம். நானே எழுதிக்கறேன்” என்று கையால் சொன்னாள். “நீ எழுதினா நான் பேசற மாதிரி இல்ல. நீ பேசற மாதிரி இருக்கு.”

கொக்கு அவளை அந்த அளவுக்குக் காயப்படுத்தியிருந்தான் மேடம். சொந்த அண்ணனின் உதவியே வேண்டாம் என்கிற அளவுக்கு. நான் பொறுத்துக்கொண்டேன். அன்றுதான் முடிவு செய்தேன்.

வேறு பெயரில் போனேன். ‘தாழ்ப்பாள்’ என்று வைத்துக்கொண்டேன். ஜப்பானில் எபிசோடு வந்த கையோடு சுத்தமான தமிழ் சப்டைட்டிலோடு கோப்பு அனுப்பத் தயார் என்று கொக்குக்கு எழுதினேன். அவன் வைத்திருந்த ஆள் ‘குதிரைப்படை’ என்பதைக் ‘குதிரைப் படி’ என்று எழுதுகிறவன். உடனே ஒப்புக்கொண்டான். போனில் பேசினான். ‘அண்ணே’ என்றுதான் ஆரம்பித்தான். எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவான் போல.

இரண்டாவது வாரமே அவனாக ஒன்று சொன்னான். “அண்ணே, ஒரு உதவி. ரொம்ப பளிச் பளிச்னு வர்ற சீன் இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. எனக்கு ஆகாது. சின்ன வயசுல வலிப்பு வந்திருக்கு. மாத்திரை சாப்பிடறேன், இருந்தாலும் பயம். வெளியில சொல்லிடாதீங்க, கிண்டல் பண்ணுவானுங்க.”

கிண்டல் செய்வார்கள் என்று பயந்தான். நான் அந்த வாக்கியத்தை நிறைய நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“கவலைப்படாதப்பா. நான் பாத்துக்கறேன்” என்றேன். பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு எபிசோடையும் முதலில் நான் பார்ப்பேன். வெடிப்பு, மின்னல், மந்திர ஒளி, எது வந்தாலும் அந்த இடத்தை மங்கலாக்கி, நிதானப்படுத்தி அவனுக்கு அனுப்புவேன். அவனுக்காக மட்டும் தனிப் பிரதி. ஒரு வருடத்துக்கு மேல் அவன் கண்ணையும் மூளையையும் காப்பாற்றியது நான்தான். “உங்க பிரதியில பாத்தா தலைவலியே வர்றதில்லண்ணே” என்பான். மாத்திரையைக்கூட அடிக்கடி மறந்துவிடுவதாகச் சொன்னான். மறக்கக்கூடாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நேற்று உங்கள் உதவி ஆய்வாளர் வெளியே யாரிடமோ, “இது கொக்கு தலையில வெண்ணெய் வச்சுப் புடிச்ச கதையா இருக்கே” என்றார். எனக்குக் கேட்டது. கொக்கின் தலையில் வெண்ணெய் வைத்து, அது வெயிலில் உருகிக் கண்ணை மறைக்கும்போது பிடிப்பது. நேராகப் போய்ப் பிடிக்கத் தெரியாத முட்டாளின் கதை என்று அதைச் சொல்வார்கள். வெண்ணெய் வைக்கிற அளவுக்குக் கொக்கு அவனைக் கிட்டே விட்டதே, அதை யாரும் யோசிப்பதில்லை.

பிறகு அவன் பாப்பாவிடம் மன்னிப்புக் கேட்டான்.

அது என் திட்டத்தில் இல்லை. அவளுடைய சைகை வீடியோ ஒன்றை யாரோ அவனுக்கு அனுப்ப, இவள்தான் அவள் என்று புரிந்திருக்கிறது. பழைய வீடியோவை எடுத்துவிட்டான். தன் சேனலிலேயே, கத்தாமல், சோபாவிலிருந்து விழாமல், தான் செய்தது கேவலம் என்று சொன்னான். ரசிகர்கள் கூடும் விழா ஒன்றில், ஆளாளுக்கு முடிக்குச் சாயமும் அட்டைக் கவசமுமாகத் திரிகிற கூட்டத்துக்கு நடுவே, அவளைத் தேடிப்போய்க் கையாலேயே மன்னிப்புக் கேட்டானாம். இதை அவளே என்னிடம் சொன்னாள், சாப்பிட்டுக்கொண்டே, கை நிற்காமல்.

“மன்னிச்சிடுன்னு காட்டறதுக்குப் பதிலா சோப்பு, சோப்புன்னு காட்டறான். ரெண்டு தடவ. நான் ‘குளிச்சிட்டுத்தான் வந்திருக்கேன்’னு சொன்னேன். அவனுக்குப் புரியல.”

தோள் குலுங்கச் சிரித்தாள்.

“அவனை மன்னிச்சிட்டியா?” என்று கேட்டேன்.

“அப்பவே. அவன் சொன்னதாலதானே எனக்கு இவங்க எல்லாம் கிடைச்சாங்க.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டாள். “வாயால பேசறது எனக்கு எப்பவுமே பிடிக்காதுண்ணா. உனக்காகத்தான் பேசினேன்.”

பெருந்தன்மையான பெண். காயப்பட்டவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். வலியை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். என் வேலையில் தினம் பார்க்கிறேன். காது கேட்காதவர்தான் முதலில் ‘எனக்கு நல்லா கேக்குது’ என்பார். நான் அவளிடம் ‘நல்லது’ என்று கையால் சொன்னேன். நான் அவளோடு கையால் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் எழுந்துவந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

கடைசி எபிசோடு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதற்கு முந்தைய வாரமே பாப்பா சொல்லிவிட்டாள், அதைக் கொக்கின் வீட்டில், அவன் பக்கத்தில் உட்கார்ந்து, நேரலையில் பார்க்கப்போவதாக. அவன் வாயால் சொல்வான், அவள் கையால் சொல்வாள். தளபதி துரோகி என்று தெரிந்தால் அவள் அவனுக்குத் தலை வணங்கவேண்டும். அவள் சொன்னது சரி என்று ஆனால் அவன் எல்லோர் முன்னாலும் தோப்புக்கரணம் போடவேண்டும். பந்தயம்.

காலையில் கோப்பு என் கைக்கு வந்தது. அப்போது நான் நிதானமாக இருந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது உண்மை.

தளபதி கிழவனாகிச் சிறையில் இருக்கிறான். வெளியே கடலில் புயல், ஜன்னல் கம்பி வழியாக மின்னல். காவல்காரப் பையன் இடப்பக்கம் நின்று அவனைத் திட்டுகிறான். அந்த ஊதலைக் கேட்டும் என் அண்ணனை ஏன் சாகவிட்டாய் என்று கேட்கிறான். கிழவன் திரும்பவில்லை. புயல் இரைச்சலில் பையன் கத்துகிறான். அப்போதும் திரும்பவில்லை. பையன் மெதுவாக நடந்து வலப்பக்கம் வருகிறான். கிழவன் நிமிர்ந்து, “எப்போது வந்தாய்?” என்கிறான்.

பாப்பா சொன்னது சரி. உலகத்தில் அவள் ஒருத்தி சொன்னது சரி. நான் அழுதேன். என்னிடம் பயிற்சி பெற்றவள் அல்லவா. ஒவ்வொரு வரியாகச் சப்டைட்டில் எழுதினேன். இடிச் சத்தத்தைக்கூட விடவில்லை.

அப்புறம் யோசித்தேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்தக் காட்சி வரும். கொக்கு எழுந்து தோப்புக்கரணம் போடுவான். எல்லோரும் கைதட்டுவார்கள். கேலி செய்தவனே அவளைக் கைதூக்கிவிட்டான், எவ்வளவு நல்லவன் என்பார்கள். அவள் அவனைப் பார்த்துத் தோள் குலுங்கச் சிரிப்பாள். கணக்கு தீர்ந்தது என்று எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவள் குரலைப் பறித்தவனுக்கு அந்த நிமிடம் கிடைக்கவேண்டுமா? நீங்களே சொல்லுங்கள்.

மின்னல் ஏற்கெனவே அங்கே இருந்தது. இத்தனை நாளாக நான் அவனுக்குக் குறைத்துக் கொடுத்ததை அன்று கூட்டிக் கொடுத்தேன். எப்படிச் செய்தேன் என்பதை உங்கள் கணினி ஆட்கள் எழுதிக்கொண்டுபோய்விட்டார்கள். அதை மறுபடி சொல்ல எனக்கு விருப்பமில்லை, யாராவது பார்த்துப் பழகிக்கொள்வார்கள். மற்ற ரசிகர்களுக்குப் போன பிரதியில் ஒன்றும் இல்லை. யாருக்கும் தீங்கு வரக்கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன்.

அனுப்பியதும் அவனிடமிருந்து மெசேஜ் வந்தது. “அண்ணே, பளிச் எதாவது இருக்கா? இன்னைக்கு விருந்தாளி வந்திருக்காங்க, மானம் போயிடக்கூடாது.”

“இல்லப்பா. நிம்மதியா பாரு” என்று போட்டேன்.

நேரலை நன்றாகத்தான் ஆரம்பித்தது. பாப்பா நீலச் சட்டை போட்டிருந்தாள். கொக்கு தனக்குத் தெரிந்த சைகைகளை எல்லாம் காட்டினான், பாதி தப்பு. அவள் அவன் விரலைப் பிடித்துத் திருத்தினாள். காட்சி வந்தது. பையன் நடக்க ஆரம்பித்தான். பாப்பா எழுந்துவிட்டாள், அவளுக்குப் புரிந்துவிட்டது. கொக்கும் எழுந்திருக்க வேண்டியவன், எழுந்திருக்கவில்லை. கழுத்து ஒரு பக்கம் இழுத்தது. சோபாவிலிருந்து சரிந்து மேசை விளிம்பில் தலை இடித்து விழுந்தான்.

கீழே ரசிகர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். ‘இதான்டா ரியாக்‌ஷன்.’ ‘தோத்துட்டோம்னு நடிப்ப பாரு.’ ‘தோப்புக்கரணம் போடறதுக்கு இது தேவலயா?’ சிரிப்புப் படங்களாகக் கொட்டியது. அவன் விழுவதைத்தான் அவர்கள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார்களே. ஒருவரும் போன் செய்யவில்லை. அவர்கள்மேல் நீங்கள் வழக்குப் போட முடியாது, தெரியும்.

பாப்பா அவனைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள். பிறகு கேமராவைப் பார்த்தாள். பிறகு வெளியே ஓடிப் பக்கத்து வீடுகளின் கதவைத் தட்டியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பல வீடு பூட்டியிருந்தது. திறந்த ஒரு வீட்டில் அவள் என்ன சொல்கிறாள் என்று புரிய நேரமாகியிருக்கிறது. ஆம்புலன்ஸ் வந்தபோது அவன் மூச்சு நின்றிருந்தது. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று மருத்துவர் எழுதியிருப்பதாக நீங்கள் சொன்னீர்கள்.

அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்று முதல் நாளிலிருந்தே கேட்கிறீர்கள். மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், போன் கீழே இருந்தது என்று சொன்னேன். நேற்றுவரை அதிலிருந்து நான் மாறவில்லை. இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் போதும் என்றுதான் இன்று வந்து உட்கார்ந்தேன். ஆனால் நீங்கள் இன்று காலை, சைகை தெரிந்த ஓர் ஆசிரியையை வைத்துக்கொண்டு பாப்பாவிடம் பேசியதாகச் சொன்னீர்கள். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்றீர்கள்.

“என்னைப் பாக்கணும்னு சொன்னாளா?” என்று கேட்டேன்.

“இல்ல.”

“ஏன் செஞ்சேன்னு கேட்டாளா?”

“அதுவும் கேக்கல. ஒரே ஒரு விஷயம் மட்டும் உங்ககிட்ட கேட்டுச் சொல்லச் சொன்னாங்க. அவங்க கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டுச்சான்னு.”

அதனால்தான் மறுபடி எழுதச் சொன்னேன். மற்ற யாரிடமும் பொய் சொல்லலாம், பாப்பாவிடம் சொன்னதில்லை.

நான் மாடியில் இல்லை. கணினிக்கு முன்னால் இருந்தேன். அவள் போனை எடுத்ததும் என் போனில் மெசேஜ் வந்தது: முகவரி, ஆம்புலன்ஸ் கூப்பிடு, சீக்கிரம். உடனே திறந்து படித்தேன். அவளுக்காக வெளியே போன் பேசுகிறவன் நான் ஒருத்தன்தானே. வேறு யாரைக் கேட்பாள்? பதில் வராமல் போகவே அவள் கேமராவைப் பார்த்தாள். நான் நேரலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு வருடமாக மூடியிருந்த வாயைத் திறந்து, “அண்ணா” என்று கூப்பிட்டாள்.

முதல் தடவை மைக் தூரத்தில் இருந்தது, சரியாக விழவில்லை. நான் போனைக் கீழே வைத்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு சத்தத்தைக் கூட்டினேன். அவள் கிட்டே வந்து மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். அவள் ஓடிப்போகும்வரை நான் அசையவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் போடவேண்டுமென்றால் ஹெட்போனைக் கழற்றவேண்டியிருக்கும்.

அவளிடம் சொல்லுங்கள் மேடம், கேட்டது. ஒவ்வொரு எழுத்தும் எவ்வளவு தெளிவாக இருந்தது என்றும் சொல்லுங்கள். அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும்.